செலினியம் ஏறாத புரதம்

நான் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தது தொண்ணூறுகளின் பின்பாதியில். அப்போது நாங்கள் மட்டாஞ்சேரியில், ஒரு சுக்குக் கிடங்கின் பின்சுவரை ஒட்டிய வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா மாநகராட்சி பம்பு ஹவுசில் மோட்டார் ஆபரேட்டர். அம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டாள். அவர்கள் இருவரும் தமிழில் கேட்பார்கள். நான் பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பதில் சொல்வேன்.

ஆய்வுக்கூடம் எர்ணாகுளம் கரையில் இருந்தது. காலையில் மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகு ஏறினால் வெலிங்டன் தீவில் ஒரு கூட்டம் இறங்கும், மிச்சப் பேர் எர்ணாகுளத்தில். அங்கிருந்து பஸ். மூன்றாவது மாடியில் இரண்டு அறைகள்தான் எங்கள் ஆய்வுக்கூடம். எனக்கு வழிகாட்டியாக இருந்தவரை நாங்கள் சார் என்றுதான் சொல்வோம். எனக்கு முன்னால் சேர்ந்திருந்த சேச்சி ஒருத்தி, தினமும் ஆலுவாவிலிருந்து ரயிலில் வந்து போவாள். நான், சேச்சி, சார். வேறு யாரும் இல்லை.

சார் பழைய தலைமுறை வேதியியல்காரர். மாட்டு ரத்தத்திலிருந்து ஒரு நொதியைப் பிரித்தெடுப்பதிலேயே அவருடைய பாதி ஆயுள் போயிருந்தது. செல்லுக்குள் உண்டாகும் பெராக்சைடைத் தண்ணீராக மாற்றித் தீங்கைக் குறைக்கிற நொதி அது. அதன் ஒவ்வொரு இழையிலும் ஒரே ஒரு செலினியம் அணு இருக்கும். அந்த ஒன்று இல்லாவிட்டால் நொதி இருந்தும் பயனில்லை.

புரதம் என்பது அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்த இழை. அமினோ அமிலங்கள் இருபது வகை என்றுதான் நான் படித்திருந்தேன். இருபத்தோராவதாக ஒன்று இருக்கிறது, அதன் பெயர் செலினோசிஸ்டீன் என்று சேர்ந்த வாரத்தில்தான் தெரிந்தது. மற்ற இருபதும் தனித்தனியே தயாராக இருக்கும்; தங்களைச் சுமந்து செல்லும் கடத்தி ஆர்.என்.ஏ. மேல் ஏறிக்கொள்ளும். இது அப்படி இல்லை. முதலில் செரீன் என்ற சாதாரண அமினோ அமிலம் கடத்தியின் மேல் ஏறுகிறது. ஏறி உட்கார்ந்த பிறகு, உட்கார்ந்த இடத்திலேயே, அதிலிருக்கும் ஆக்சிஜன் விலகி அந்த இடத்தில் செலினியம் வருகிறது. கடத்திக்கு மேலேயே உண்டாகி, அங்கிருந்து நேராகப் புரதத்துக்குள் போகிறது.

மாட்டு ரத்த நொதியில் இந்த அமினோ அமிலம் இருப்பதைக் காட்ட, ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான மாதிரி கொஞ்சம் தேவைப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நாமே செய்துவிடலாம் என்றார் சார். என் முதல் வேலை அதுதான். செலினியம் தூள் செங்கல் பொடி நிறத்தில் இருக்கும். அதைக் கரைத்து, மற்றதைச் சேர்த்து, வாயு வெளியேறும் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துச் செய்ய வேண்டும். கூண்டின் மேலே காற்றை வெளியே தள்ளும் விசிறி இருந்தது. சுவிட்சைப் போட்டால் சத்தம் வரும். காற்று போகாது.

மூன்றாவது வாரம் அம்மா என்னை அடுக்களை வாசலில் நிறுத்தினாள்.

"ஏடி, கிட்ட வா. வாயத் தொற."

"என்னம்மா?"

"எங்க போயி வெளுத்துள்ளி தின்ன?"

"நான் ஒண்ணும் தின்னல."

"அப்பா மாலை போட்டிருக்காரு. வீட்டுல உள்ளி இல்ல, வெளுத்துள்ளி இல்ல, மீன் இல்ல. நீ வெளிய தின்னுட்டு வந்து இப்படி மணக்கிற. பொய் வேற சொல்ற."

உள்ளி என்பது வெங்காயம், வெளுத்துள்ளி என்பது பூண்டு. எங்கள் வீட்டில் வெளுத்துள்ளியைப் பூண்டு என்று யாரும் சொன்னதில்லை. அது விருச்சிக மாதம், தமிழில் கார்த்திகை. சபரிமலைக்கு அப்பா விரதம் இருந்தார். நான் பல் துலக்கினேன், இரண்டு தடவை குளித்தேன். வியர்த்தால் மறுபடி அதே மணம். அப்பா, "விடு, படிக்கப் போற பிள்ள, வெளிய என்ன கெடைக்குதோ அதத்தான் தின்னணும்" என்றார். நான் தின்றேன் என்று அவரே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிட்டது. அம்மா மறுநாள் காலை சேலை மாற்றிக்கொண்டு ஜெட்டிக்கு என்னோடு வந்தாள்.

மூன்று மாடி ஏறியதில் அவளுக்கு மூச்சு வாங்கியது. சேச்சி கதவைத் திறந்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அம்மா உட்காரவில்லை. சேச்சியின் பக்கத்தில் போய் நின்று, காலையில் என்ன சாப்பிட்டாள் என்று மலையாளத்தில் கேட்டாள்.

"மோள் ராவில என்ன தின்னது?"

"புட்டும் பழமும், அம்மே."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இவகிட்டயும் அதே மணம்."

"அதான் சொன்னேன்ல. நாங்க தின்னது இல்ல இது. இந்தப் பொடி. மூச்சில உள்ள போயிருக்கு. உடம்பு அது வேண்டாம்னு மூச்சு வழியா திருப்பி அனுப்புது. அப்ப இப்படி மணக்கும்."

"வேண்டாம்னு உடம்பு அனுப்புதுன்னா, இது விஷமா?"

"கொஞ்சம் வேணும். இல்லாம முடியாது. கூடினாத்தான் விஷம்."

"உனக்குக் கூடியிருக்கா?"

சேச்சி கண்ணாடிக் கூண்டின் கதவை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போது சார் வந்தார். அம்மா தனக்குத் தெரிந்த மலையாளத்தில், இந்தக் காற்று போகும் வழி சரியில்லை, பிள்ளைகள் இதையேதான் நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். விசிறிக்கு எழுதிக் கொடுத்து மாதங்கள் ஆகிறது என்று சார் சொன்னார். அவர் பேசியது மலையாளம். இங்கே தமிழில் எழுதுகிறேன். அம்மா யோசிக்கவே இல்லை.

"இவங்கப்பாவுக்கு மோட்டார் வேலைதான். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்றேன்."

எனக்கு அது பிடிக்கவில்லை. அப்பா என் ஆய்வுக்கூடத்துக்கு வருவதை நான் விரும்பவில்லை என்பதை இப்போது எழுதுவதில் தயக்கம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை, வெறுங்கால், கையில் ஸ்பேனர் பை. சார் அவரைச் சாமி என்று கூப்பிட்டார். விரதக்காரரை அங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அப்பா ஏணி போட்டு ஏறி மோட்டாரைக் கழற்றினார். பேரிங் இறுகியிருந்தது, உள்ளே கம்பிச் சுருள் கருகியிருந்தது. மோட்டாரைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துப் படகிலேயே எடுத்துப்போய், பஜாரில் தெரிந்த கடையில் புதுக்கம்பி சுற்ற வைத்தார். அடுத்த ஞாயிறு கொண்டுவந்து மாட்டினார். கூண்டுக்குள் என்ன செய்கிறோம் என்று அவர் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

இரண்டு மூன்று வாரத்தில் மணம் போய்விட்டது. மாதிரியும் கிடைத்தது, சேச்சியின் வேலைக்கு அது போதுமானதாக இருந்தது. அதன் பிறகுதான் என்னுடைய சொந்த வேலை தொடங்கியது.

அந்த நொதியை ரத்தத்திலிருந்து எடுக்காமல், அதன் மரபணுவை வளர்ப்புச் செல்லுக்குள் செலுத்தி, அந்தச் செல்லையே நொதி செய்ய வைப்பது என் வேலை. மரபணுச் செய்தியை, செல்லுக்குள் புரதம் கோக்கும் ரைபோசோம் மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலத்தைச் சேர்த்துக்கொண்டு போகும். யு.ஜி.ஏ. என்ற மூன்றெழுத்து வந்தால் நிறுத்து என்று அர்த்தம். ஆனால் செலினோசிஸ்டீனுக்கும் அதே யு.ஜி.ஏ.தான். எங்கள் நொதியின் செய்தியில் அது நாற்பது மூன்றெழுத்துக் கூட்டம் தாண்டிய உடனே வருகிறது. மொத்தம் ஏறக்குறைய இருநூறு. அங்கே நின்றுவிடாமல் செலினோசிஸ்டீனைச் சேர்த்துவிட்டு மேலே போக வேண்டும். நிற்பதா, சேர்ப்பதா என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது? அந்தக் கேள்வியை நான் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. செல்லுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

மரபணு வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்தது. உறைக்குள் ஒரு கடிதம், அதோடு சிறிய வடிகட்டித்தாள். தாளில் பென்சிலால் ஒரு வட்டம். வட்டத்துக்குள்தான் டி.என்.ஏ. உலர்ந்திருந்தது, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நான் பாதி வட்டத்தை வெட்டி எடுத்துக்கொண்டேன். எதை எடுத்து எதை விடுவது என்று கிராஃப் தாளில் படம் வரைந்தேன். புரதம் முடிகிற கடைசி நிறுத்தற்குறி வரைக்கும் வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் இருந்த நீண்ட வாலை நீக்கினேன். வாலிலிருந்து புரதம் எதுவும் உண்டாவதில்லை. துண்டு சிறியதாக இருந்தால் ஒட்டுவது சுலபம். சார் படத்தைப் பார்த்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார்.

செல்கள் சிவப்பு நிறத் திரவத்தில், தட்டையான புட்டிகளில் வளர்ந்தன. மரபணுவை உள்ளே செலுத்தி, இரண்டு நாள் கழித்து செல்களை உடைத்து, உள்ளிருக்கும் புரதங்களை ஒரு கூழ்ப்படலத்தின் வழியே ஓட விடுவேன். பெரிய புரதம் மேலேயே தங்கும், சிறியது அடிக்குப் போகும். என் புரதத்தை அடையாளம் காண அதன் தொடக்க முனையில் ஒரு சிறு ஒட்டு வைத்திருந்தேன். முழு நொதி உண்டாகியிருந்தால் பட்டை நடுவில் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் அடியில், சாயத்தோடு சாயமாக ஒரு மங்கலான கீற்று.

மறுபடி செய்தேன். மரபணுவில் எழுத்துப்பிழை இருக்குமோ என்று பெங்களூருக்கு அனுப்பிப் படிக்க வைத்தேன். பிழை இல்லை என்று பதில் வந்தது. செலினியம் போதவில்லையோ என்று திரவத்தில் கூட்டினேன். செல்கள் செத்து மிதந்தன. குறைத்தேன். அடியில் அதே கீற்று. ஒன்றரை வருடம் இப்படியே போயிற்று. ஒருநாள் சார் படலத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உன் கை சுத்தம் இல்லை" என்றார். சேச்சி தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருந்தாள். நான் படலத்தை வாங்கி உலர்த்தி நோட்டில் ஒட்டினேன்.

அந்தக் காலத்தில் எங்கள் நூலகத்தில் பல ஆய்விதழ்கள் வருவதில்லை. கட்டுரை வேண்டுமானால் எழுதியவருக்கே தபால் கார்டு போட வேண்டும். சிலர் நகல் அனுப்புவார்கள், பலர் அனுப்ப மாட்டார்கள். தலைப்பில் செலினியம் என்று கண்ட எல்லோருக்கும் நான் கார்டு போட்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை மதியம் கிளம்பும்போது ஓர் உறை வந்தது. அதைப் படகில் பிரித்தேன்.

இரண்டாம் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. ஆர்.என்.ஏ. இழை தன்மேல் தானே மடங்கி ஒரு கொண்டை ஊசிபோல நின்றது. அந்தக் கொண்டை இருக்கும் இடம் வால். புரதம் முடிகிற இடத்துக்கும் அப்பால், நான் வேண்டாம் என்று நீக்கிய பகுதி. அந்தக் கொண்டையை ஒரு புரதம் பிடித்துக்கொள்கிறது. அது செலினோசிஸ்டீனைச் சுமக்கும் கடத்தியை அதற்கென்றே உள்ள இன்னொரு புரதத்தின் துணையோடு ரைபோசோமுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. அப்படி வந்து சேர்ந்தால்தான் யு.ஜி.ஏ.வைத் தாண்ட முடியும். கொண்டை இல்லையென்றால் யு.ஜி.ஏ. வெறும் நிறுத்தற்குறி. பாக்டீரியாவில் இந்தக் கொண்டை யு.ஜி.ஏ.வுக்குப் பக்கத்திலேயே இருக்கிறதாம். நம்மைப் போன்ற உயிர்களில் தூரத்து வாலில் இருக்கிறது.

என் செல்கள் ஒன்றரை வருடமாகச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தன. நாற்பதுக்குச் சற்று மேலே கோத்துவிட்டு, நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தியிருந்தன.

படகு மட்டாஞ்சேரியில் நின்றது, எல்லோரும் இறங்கினார்கள். கண்டக்டர் வந்து என்னைப் பார்த்தார்.

"மோள் எறங்குந்நில்லே?"

"இல்ல. திரும்பப் போகணும். எர்ணாகுளத்துக்கு ஒரு டிக்கெட்."

சேச்சி ஆய்வுக்கூடத்தைப் பூட்டிக்கொண்டிருந்தாள். படத்தைக் காட்டினேன். கதவில் சாய்ந்துகொண்டே படித்தாள்.

"வாலு" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். "சாரோடு ஆரு பறயும்?"

"நான்தான் சொல்லணும்."

"கூட நான் வரணுமோ?"

"வேண்டாம் சேச்சி."

திங்கட்கிழமை கட்டுரையையும் கிராஃப் தாளையும் சாருடைய மேசையில் வைத்தேன். படித்தார். கிராஃப் தாளில் தன் கையெழுத்தைப் பார்த்தார். "வைத்துவிட்டுப் போ" என்றார். மூன்று நாள் என்னிடம் எதுவும் பேசவில்லை. அந்த மூன்று நாளும் நான் புட்டிகளைக் கழுவினேன், செல்களுக்குத் திரவம் மாற்றினேன். என்னை வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். வீட்டில் சொல்லவில்லை.

வியாழக்கிழமை கூப்பிட்டார்.

"இந்தக் கட்டுரையின் சுருக்கத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அது வேறு நொதியைப் பற்றியது, நம்முடையதுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். படத்தில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

"வெட்டினது நான் சார்."

"ஆமாம், வெட்டியது நீ" என்றார். பிறகு கோப்பு அலமாரியைத் திறந்து, மரபணு வந்த அந்த உறையை எடுத்தார். கடிதத்தோடு வடிகட்டித்தாளும் இருந்தது, பாதி வட்டம் மிச்சம். "எதையும் தூக்கிப் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. இதிலிருந்து தொடங்கு."

கை சுத்தமில்லை என்று சொன்னதை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

தாளை வெட்டி ஒரு துளி நீரில் ஊற வைத்து, அந்த நீரைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தினேன். மறுநாள் தட்டில் நான்கு புள்ளிகள் முளைத்திருந்தன. அந்த நான்கையும் பார்த்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் நின்றது ஞாபகம் இருக்கிறது. அவற்றிலிருந்து மரபணுவை வாலோடு எடுத்து ஒட்டுவதற்கு இன்னும் சில மாதங்கள் ஆயின. அதற்குள் சேச்சி ஆய்வேட்டை முடித்துக்கொண்டு போய்விட்டாள்.

வாலோடு செலுத்திய செல்களில் பட்டை நடுவில் தெரிந்தது. மெல்லியதாகத்தான். அடியிலும் அந்தப் பழைய கீற்று இருந்தது. கொண்டை இருந்தாலும் ரைபோசோம் எல்லா முறையும் தாண்டிவிடுவதில்லை, பல தடவை நின்றுவிடுகிறது. நொதி வேலை செய்கிறதா என்று பார்க்க, கரைசலை ஒளிமானியில் வைத்துப் பெராக்சைடு சேர்த்தேன். நொதி வேலை செய்தால் எண் இறங்க வேண்டும். சார் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எண் இறங்கத் தொடங்கியது.

"எழுதிக்கொள்" என்றார். எழுதிக்கொண்டேன். வாலில்லாத செல்களையும் அதேபோல் வைத்தேன். எந்த மரபணுவும் செலுத்தாத செல்கள் காட்டும் அளவுக்கு மேல் எண் இறங்கவில்லை. "அதையும் எழுது. அது இல்லாமல் இதற்கு அர்த்தம் இல்லை."

அப்படித்தான் ஒன்றரை வருடத் தோல்வி என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாயிற்று. வால் இருந்தால் முழுப் புரதம், வால் இல்லாவிட்டால் துண்டு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அதில் புதிது எதுவும் இல்லை. எங்களுக்குப் பல வருடம் முன்பே வேறு இடங்களில் காட்டிவிட்டார்கள். வாய்மொழித் தேர்வுக்கு வந்தவரும் அதைச் சொன்னார், ஒத்துக்கொண்டேன். திரவத்தில் செலினியத்தின் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்த சில எண்கள் மட்டும் எங்களுடையவை. அதற்குள் இரண்டாயிரமாவது வருடம் தாண்டியிருந்தது.

கட்டிய பிரதி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா கை துடைத்துக்கொண்டு வந்து புரட்டினாள். எழுத்து ஆங்கிலம், படங்களை மட்டும் பார்த்தாள். பட்டைகள் இருந்த பக்கத்தில் நிறுத்தினாள்.

"இதுல உன் வேல எது?"

"இந்தா கீழ இருக்கே, இது மொதல்ல செஞ்சது. மேல இருக்கிறது பின்னால செஞ்சது."

"கீழ இருக்கிறது தப்பா?"

"தப்புதான்."

"தப்பையுமா அச்சடிச்சுக் குடுத்த?"

"குடுக்கணும். அதப் பாத்தாத்தான் இது சரின்னு தெரியும்."

அவளுக்கு அது ஒப்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் புத்தகத்தைப் பீரோவில், ரேஷன் கார்டும் அப்பாவுடைய சர்வீஸ் காகிதங்களும் இருக்கும் தட்டில் வைத்துப் பூட்டினாள்.

வேலை கிடைத்தது வெலிங்டன் தீவில், மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில். கணவாயிலும் சூரையிலும் பாதரசம் எவ்வளவு, காட்மியம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நேர்காணலில் என் ஆய்வைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஈரக் கையால் தொடக் கூடாத கருவிகளை எனக்குக் கையாளத் தெரியுமா என்றார்கள், தெரியும் என்றேன். திங்கட்கிழமை சேர்ந்தேன். சார் அந்த வருடம் ஓய்வுபெற்றார். நான் போனில் சொன்னபோது, சூரையில் செலினியமும் நிறைய இருக்கும், பாதரசத்தின் நச்சை அது ஓரளவு கட்டுப்படுத்தும், நேரம் கிடைத்தால் அதையும் அளந்து பார் என்றார். கம்பெனிக்கு அந்த எண் தேவையில்லை. முதல் வருடம் மட்டும், மிச்சமான மாதிரிகளில் அளந்து ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். பிறகு வேலை கூடியது, அதை விட்டுவிட்டேன்.